இரண்டு வாரத்துக்கு மட்டும்

அந்தக் கட்டட வேலையிடத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில்தான் இரு தரப்புக்கும் முழு உடன்பாடு. டவர் கிரேன் ஓட்டுகிறவர் என்பதால் கொக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதுபடச் சொல்லமாட்டார்கள். அவருக்குத் தெரியாமலும் இல்லை.

காலை ஏழு மணிக்கு ஐம்பது மீட்டர் ஏணி ஏறிக் கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். மதியச் சாப்பாட்டைப் பையில் போட்டுக் கீழிருந்து கட்டிவிடுவார்கள், கயிற்றால் இழுத்துக்கொள்வார். பதினெட்டு வருஷம் இப்படி. மனிதர்களை உச்சந்தலையிலிருந்து மட்டுமே பார்த்துப் பழகிய ஒருவருக்கு அவர்கள் மேல் பெரிய மதிப்பு எதுவும் வளராதது ஆச்சரியமில்லை.

கீழே நின்று அவருக்கு வழிசொல்லும் சிக்னல்காரன் வேறு யாருமல்ல, அவர் மனைவியின் தம்பி. கட்டடம் வளர வளர லோடு போய் இறங்கும் இடம் கேபினிலிருந்து தெரியாது. அப்போது வாக்கி-டாக்கியில் மச்சினன் சொல்வதுதான் கண். "மாமா, இடது. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும், இறக்குங்க." வீட்டில் பொங்கிவரும் சண்டைகளுக்கும் அந்த வாக்கி-டாக்கிதான் வடிகால்.

"மாமா, எங்க அக்காவை நேத்தும் அழவெச்சீங்களாமே?"

"லோடைப் பாருடா. அக்கா தொங்கல, கம்பிக்கட்டு தொங்குது."

திட்டிக்கொண்டே வேலை நடக்கும், ஒரு கீறல் விழாமல். அவருடைய கைத்திறமையைப் பற்றி மட்டும் பகையாளிக்கும் வேறு பேச்சில்லை. கிரேன் வேலையில் தூக்குவது பெரிய காரியமில்லை. லீவரைத் தள்ளினால் இயந்திரம் தூக்கும். நிறுத்துவதுதான் வேலை. நகர்ந்துகொண்டிருக்கும் கிரேனைச் சட்டென்று நிறுத்தினால் அதன் கை நிற்கும், அதில் தொங்கும் மூன்று டன் நிற்காது. ஊஞ்சலாடும். ஆட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கிரேனின் கையையும் கொஞ்சம் கொண்டுபோய், லோடின் தலைக்கு மேல் கொக்கியை நிறுத்த வேண்டும். ஓடுகிறவனோடு கூட ஓடி, தோளில் கைபோட்டு நிறுத்துவது மாதிரி. பத்துப் பேருக்கு இதை அவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். திட்டித்தான் சொல்லிக் கொடுத்தார், ஆனாலும் அவர்களுக்கு அது மறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒரு கம்பிக்கட்டு நழுவியது. கீழே கட்டியவர் சங்கிலியை ஒரு சுற்று குறைவாகச் சுற்றியிருந்தார். ஒன்பதாம் மாடி உயரத்திலிருந்து அத்தனை கம்பிகளும் ஈட்டி ஈட்டியாகப் பிரிந்து மண்ணில் இறங்கின. சிமென்ட் கலக்குகிறவர்கள் அப்போதுதான் டீ குடிக்க நகர்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விசாரணையில் அவர் மேல் ஒரு வரிகூடக் குற்றம் எழுதப்படவில்லை.

குற்றம் இல்லை என்று காகிதம் சொன்னதை நெஞ்சு கேட்கவில்லை. அடுத்த வாரம் ஏணியில் பாதி வழியில் கை பிடியை விடமாட்டேன் என்றது. கேபினுக்குள் உட்கார்ந்தால் இதயம் தொண்டையில் வந்து அடித்தது. மூச்சு பற்றவில்லை. செத்துப்போகப் போகிறோம் என்று நிச்சயமாகத் தோன்றியது, பத்து நிமிஷம் கழித்தும் சாகாமல் இருந்தார்.

டாக்டர் அவரை நாலு நிமிஷம் பார்த்தார். அதில் இரண்டு நிமிஷம் போனில் பேசினார்.

"பதற்றம்தான். இதயத்துல ஒண்ணும் இல்ல. இந்த மாத்திரை சின்னது, ஆனா நல்லா கேக்கும். தினம் ஒண்ணு. ரெண்டு வாரத்துக்கு மட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் சரியாயிடும். வண்டி கிண்டி ஓட்டாதீங்க, தூக்கம் வரும்."

கிரேன் வண்டியா இல்லையா என்று அவரும் கேட்கவில்லை, டாக்டரும் என்ன வேலை என்று கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

மாத்திரை நன்றாகவே கேட்டது. நாக்கில் கரைந்த அரை மணியில் யாரோ பின்னாலிருந்து வந்து தோளிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. பயம் போனது. கோபம் போகவில்லை, அதற்கு மாத்திரை எழுதப்படவில்லை. பதினான்கு நாளும் ஏணி வெறும் ஏணியாக இருந்தது. பதினைந்தாம் நாள் சொன்ன சொல் தவறாமல் நிறுத்தினார்.

பதினாறாம் நாள் சரியாகத் தூக்கமில்லை. பதினேழாம் நாள் நெஞ்சு மறுபடி தொண்டைக்கு வந்தது. பதினெட்டாம் நாள் முன்னைவிட மோசம்: உள்ளங்கை வியர்த்தது, பாத்திரம் விழும் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அவர் வந்த முடிவு எந்தப் புத்திசாலியும் வரக்கூடியதுதான். நோய் இன்னும் இருக்கிறது, மாத்திரை இன்னும் தேவை. அந்த நடுக்கம் நோய் திரும்பி வந்ததா, மாத்திரை போகும்போது கதவை அறைந்துவிட்டுப் போனதா என்று பிரித்துப் பார்க்க அவரிடம் எந்த அளவுகோலும் இல்லை. மருந்தை விட்டால் நோயின் முகமூடியைப் போட்டுக்கொண்டு மருந்தே வந்து நிற்கும் என்றால், எவன் அதை அடையாளம் காண்பான்? பூட்டு விற்கிறவன் திருட்டுப் பயத்தையும் கூடவே கட்டிக்கொடுத்த கதை. இரண்டு வாரம் மட்டும் சாப்பிட்டு நிறுத்தினால் வரும் நடுக்கம் லேசானதுதான், பல்லைக் கடித்தால் சில நாளில் போய்விடும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் மருந்துக்கடைக்குப் போனார்.

கடைக்காரர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "இது ரெண்டு வாரத்துக்குத்தானே எழுதியிருக்கு?"

"டாக்டர் ஊர்ல இல்ல. நான் ஐம்பது மீட்டர் உயரத்துல வேலை பாக்குறவன். நான் நடுங்கினா கீழ எத்தனை பேர்னு உனக்குத் தெரியுமா?"

கடைக்காரர் கொடுத்தார். அடுத்த முறை கேட்கவில்லை. மூன்றாம் முறை சீட்டே கேட்கவில்லை. ஆனாலும் அவர் அதை மணிபர்சில் வைத்துக்கொண்டே திரிந்தார், மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, மறுபடி கிழிந்து. தாம் ஒரு டாக்டர் சொல்கிறபடி நடப்பவர் என்பதற்கு அதுதான் அவருக்கிருந்த அத்தாட்சி.

மூன்றாம் மாதம் ஒன்று போதவில்லை. ஒன்றரை ஆனது. ஐந்தாம் மாதம் இரண்டு.

ஒருநாள் காலை மனைவியின் இடது கன்னம் வீங்கியிருந்தது.

"என்ன ஆச்சு கன்னத்துல?"

அவள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "விளையாடுறீங்களா?"

"கேட்டா பதில் சொல்லு."

"நேத்து சாயங்காலம் பல்லு பிடுங்க என்னை யாரு கூட்டிட்டுப் போனா? வெளிய பெஞ்சுல உக்காந்து அந்தக் கிழவர்கிட்ட எடத்துக்குச் சண்டை போட்டது யாரு?"

அவருக்கு நினைவில்லை. பெஞ்சும் இல்லை, கிழவரும் இல்லை. நேற்று சாயங்காலம் இருக்க வேண்டிய இடத்தில் துடைத்த பலகை இருந்தது. ஒரு மனிதன் இந்த இடத்தில் பயப்பட வேண்டும். பயத்தைத்தான் தினம் இரண்டு வேளை கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாரே. ஆகவே கோபப்பட்டார்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்."

அவள் வாயிலிருந்த பஞ்சை எடுத்து, அதிலிருந்த ரத்தத்தைக் காட்டி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதையும் நானே செஞ்சுக்கிட்டேன்னு சொல்லுங்க." அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் அவரோடு பேசவில்லை. ஆனால் மாத்திரை அட்டைகளை எண்ண ஆரம்பித்தாள்.

கேபினிலும் ஏதோ கழன்றிருந்தது. ஆட்டத்தைப் பிடிக்க அவர் கை அரை நொடி பிந்தியது. கீழே நின்ற மச்சினனுக்கு அது தெரிந்தது.

"என்ன மாமா, மேல படுக்கை போட்டுட்டீங்களா? தலைகாணி அனுப்பவா?"

"உன் வாய அனுப்பு, தெச்சு அனுப்புறேன்."

"சிரிக்கறதுக்குச் சொல்லல. நேத்து கான்கிரீட் வாளி என் தலைக்கு மேல ரெண்டு தடவை போச்சு."

"உன் தலைல என்ன இருக்கு, ஒடையறதுக்கு?"

ஏழாம் மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. வருஷாந்திர மருத்துவச் சோதனை, எட்டு நாளில். இந்த முறை ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்து என்னென்ன மருந்து உடம்பில் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். கேபின் போய்விடும் என்று அவருக்கு ஒரே நொடியில் புரிந்தது. கீழே, தரையில், எல்லாரையும் போல் அண்ணாந்து நிற்க வேண்டியிருக்கும். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. வேறு எதையும் அவர் விரும்பியதும் இல்லை.

அன்று சாயங்காலமே மீதியிருந்த மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினார். எட்டு நாளில் உடம்பு கழுவிவிட்டது போல் ஆகிவிடும் என்பது கணக்கு. மன உறுதி இருக்கிறது, போதும்.

நாலாம் நாள் அவர் ஏணி ஏறியதே பெரிய காரியம். வெளிச்சம் கண்ணில் ஊசியாகக் குத்தியது. தோலுக்கு உள்பக்கம் எறும்பு ஓடியது. கேபினின் ஒவ்வொரு போல்ட்டும் கழல்வது காதில் கேட்டது. கீழே இறங்கிவிடலாம் என்று தோன்றியபோது முதல் லோடைக் கட்டிவிட்டார்கள். பன்னிரண்டாம் மாடிக்கான கான்கிரீட் சுவர்ப் பலகை, மூன்று டன், வாசல் கதவைப் போல் நான்கு மடங்கு.

தூக்கினார். திருப்பினார். பாதி வழியில் உடம்பு ஒரு உதறு உதறியது. கை லீவரிலிருந்து தானாக வெட்டி இழுத்தது. கிரேன் இருந்த இடத்தில் நின்றது. பலகை நிற்கவில்லை. போய்த் திரும்பி வந்தது. எந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்று தலைக்குத் தெரிந்தது, கை எதிர்ப் பக்கம் தள்ளியது. ஆட்டம் இரட்டித்தது. பலகையின் மூலை சாரத்தில் மோதி நாலு குழாயைப் பிடுங்கிப் போட்டது. வாக்கி-டாக்கியில் மச்சினனின் குரல் "மாமா" என்று ஆரம்பித்துக் கெட்ட வார்த்தையில் முடிந்தது. அவன் பன்னிரண்டாம் மாடித் தளத்து ஈரக் கான்கிரீட்டில் குப்புற விழுந்துகிடந்தான். பலகை அவன் முதுகுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் போய், வந்து, போய், ஒரு வழியாகத் தணிந்தது. எப்படி இறக்கி வைத்தார் என்பது அவருக்கே தெரியாது.

கால் மணியில் கேபின் கதவு திறந்தது. தலைமுடியிலிருந்து கால்வரை சாம்பல் சேறு காய்ந்துகொண்டிருக்க மச்சினன் நின்றான். ஏணி ஏறிய மூச்சு வாங்கியது. முதலில் கன்னத்தில் ஒரு அறை விட்டான். மாமா என்ற மரியாதைக்குக் குறைவில்லாமல், இடது கையால் அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்.

"நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

"எதை?"

"அக்கா மாசக்கணக்கா மாத்திரை அட்டையை எண்ணிட்டிருக்கா. இப்ப வீட்டுல ஒரு அட்டைகூட இல்லங்கறா. எத்தனை நாள்?"

"நாலு."

"என்னைக் கொன்னிருப்பீங்க."

"தெரியும். எறங்கு, நான் வரேன்."

ஆனால் அவரால் வர முடியவில்லை. ஏணியின் முதல் படியில் கால் வைத்தவர் பிடியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பதினெட்டு வருஷம் ஏறி இறங்கிய ஏணி. ஐம்பது மீட்டர் ஆழம் வாயைத் திறந்து கிடந்தது. மச்சினன் அவருக்கு இரண்டு படி கீழே நின்று, ஒவ்வொரு காலையும் கணுக்காலைப் பிடித்து எடுத்துப் படியில் வைத்தான். வைத்தபடியே திட்டினான். அவர் திருப்பித் திட்டினார். திட்டு நின்றால் கை நழுவும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது போல ஒருவரும் நிறுத்தவில்லை.

"வலது. வெய்யுங்க. உங்களைக் கட்டிக்கிட்டு எங்க அக்கா என்ன சுகத்தைக் கண்டா?"

"உன்னை மாதிரி தம்பி இருக்கறவளுக்கு நானே அதிகம்."

"இடது. உங்க மூஞ்சிக்கு."

"கால நசுக்காதடா, நாயே."

தரைக்கு வர நாற்பது நிமிஷம் ஆனது.

சூப்பர்வைசர் கீழே காத்திருந்தார். சேதம் குறைவு, ஆள் சேதமில்லை, வேலை தாமதமாகக் கூடாது. ஆகவே அவரே ஒரு சாக்கை நீட்டினார். "மேல காத்து அதிகமா இருந்துச்சோ?"

கொக்கி அந்தச் சாக்கைப் பார்த்தார். நல்ல சாக்குதான். இன்னும் நாலு நாள் தாக்குப்பிடித்தால் சோதனையும் முடிந்துவிடும். மச்சினன் தன் தலையிலிருந்த கான்கிரீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தான்.

"காத்து இல்ல," என்றார். "மாத்திரை."

டாக்டரிடம் மனைவிதான் இழுத்துப் போனாள். உள்ளே போனதும் அவர் கிழிந்த சீட்டை மேஜையில் போட்டார்.

"இதை நீங்கதானே எழுதினீங்க?"

"ரெண்டு வாரம்னு தெளிவா எழுதியிருக்கேனே. ஏழு மாசம் சாப்பிட்டது என் தப்பா?"

"ரெண்டு வாரம்னு எழுதினீங்க. எப்படி நிறுத்தணும்னு எழுதலையே."

டாக்டர் பேனாவை மூடினார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை போனை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். "ஏழு மாசத்துக்கப்புறம் திடீர்னு நிறுத்தினதுல உங்களுக்கு வலிப்பு வந்திருக்கலாம். அந்த உயரத்துல. வராதது உங்க அதிர்ஷ்டம். மறுபடி ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு துண்டு. உடம்பு முரண்டு பிடிச்சா அங்கேயே நின்னு, சமாதானமானதும் மறுபடி. அவசரப்படக் கூடாது. அதுவரைக்கும் கிரேன் கிடையாது."

"எத்தனை நாள்?"

"அஞ்சாறு மாசம். அதிகமும் ஆகலாம்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. ஓடுகிற லோடைச் சட்டென்று பிடித்து நிறுத்துகிறவனை முட்டாள் என்று பதினெட்டு வருஷமாகத் திட்டியவர், அதையே தம் உடம்பில் செய்திருந்தார். அதற்கு மன உறுதி என்று பெயரும் வைத்திருந்தார். மன உறுதியைப் பற்றி உலகத்தில் நிறையப் புகழ்ச்சி உண்டு. எதன் மேல் அதைப் பிரயோகிக்கிறோம் என்று தெரியாதவன் கையில் அது வெறும் முரட்டு பிரேக்.

தரையில் அவருக்குக் கிடைத்தது லோடு கட்டும் வேலை. மச்சினனின் கையசைவுக்குக் கீழே. மேலே ஒரு புது ஆபரேட்டர் வந்து உட்கார்ந்தான். முதல் மாதம் முழுக்க அவரைச் சீண்டுவதற்கென்றே சிலர் அந்தப் பக்கம் வந்து போனார்கள். "என்னங்க, கீழ காத்து எப்படி?" என்பார்கள். அவரும் சும்மா இல்லை. ஒவ்வொருவர் உச்சந்தலையும் மேலேயிருந்து எப்படித் தெரியும் என்று அவரவருக்குச் சொன்னார். வழுக்கை விழ ஆரம்பித்திருந்தவர்கள் அதன்பிறகு வரவில்லை.

மாத்திரையை மனைவி வெட்டினாள். சவர பிளேடால், ஒரு வெள்ளைத் தட்டில். அவர் கையில் முழு அட்டையைக் கொடுக்கவே இல்லை.

"நான் என்ன குழந்தையா?"

"குழந்தைன்னா நம்பிக் குடுத்திருப்பேன்."

ஒவ்வொரு துண்டு குறைந்தபோதும் நாலைந்து நாள் நரகம். வீட்டில் எல்லாரோடும் எரிந்து விழுந்தார். மூன்றாம் மாதம் ஒருதரம் அவளிடமிருந்து தட்டைப் பிடுங்கப் பார்த்தார். அவள் பிளேடைக் கீழே வைக்காமலே, "வாங்க" என்றாள். அவர் போய்ப் படுத்துக்கொண்டார். இன்னொருதரம் பழைய மருந்துக்கடை வாசல்வரை போனார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்ததும், கேட்காமலே, இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்து வைத்தார். அந்த மரியாதைதான் அவரை எரிச்சல்படுத்தியது. தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவரைத் திட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

ஆறாம் மாதக் கடைசியில் தட்டில் இருந்தது கால் மாத்திரை. அதே வாரம் புது ஆபரேட்டர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"நாளைக்குக் காலைல மேல ஏறுங்க."

அவர் சங்கிலியைக் கீழே வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். கேபினின் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெரிந்தது. ஆறு மாதமாக ஒரு நாளும் விடாமல் அவர் அதைப் பார்த்திருந்தார், பார்க்காதவர் போல.

"இன்னும் கால் மாத்திரை இருக்கு," என்றார்.

"கால் மாத்திரைதானே! அதுல என்ன ஆகிடப் போகுது? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"அதைச் சொல்றதுக்கு நீங்க டாக்டரும் இல்ல, ஆபரேட்டரும் இல்ல. இன்னும் ஆறு வாரம் ஆகும்."

"ஆறு வாரம் கிரேனைச் சும்மா நிறுத்தவா? வேற ஆள் எடுத்தா நிரந்தரமா எடுக்கணும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

"எடுங்க."

சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு போனார். மச்சினன் வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டு வந்தான்.

"மாமா, மூளை கீளை கலங்கிடுச்சா? இதுக்காகத்தானே இவ்வளவும்? கை நல்லாத்தானே இருக்கு? காட்டுங்க."

அவர் கையை நீட்டவில்லை. கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். அது இன்று நடுங்கவில்லை. நாளைக்குத் துண்டு குறையும் நாள், நாளை மறுநாள் நடுங்கலாம். அது அவருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

"நான் மேல ஏறினா கீழ நிக்கப்போறது நீ," என்றார். "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அக்கா எனக்குச் சோறு போடமாட்டா."

"பாசம்னு நினைச்சேன். சோறா?"

"பின்ன?"

திங்கட்கிழமை நிரந்தரமாக ஒரு ஆபரேட்டர் வந்தார். கம்பிக்கட்டு தயாராக இருந்தது. கொக்கி சங்கிலியைச் சுற்றி, இழுத்துப் பார்த்து, இன்னொரு சுற்றுச் சுற்றினார். முன்பின் தெரியாத ஒரு கை மேலேயிருந்து லோடைத் தூக்க ஆரம்பித்தது.

"விலகி நில்லுங்க மாமா," என்றான் மச்சினன்.

"தெரியும்டா," என்று சொல்லி விலகி நின்றார்.